வெள்ளைச் சட்டை போர்த்திய மத்தியானம்

இங்கே திங்கட்கிழமை என்றால் துணி துவைக்கிற நாள். மழை தூறினாலும் சரி, எங்கள் தெருவில் எந்த வீட்டுக்காரியும் வேறு கிழமைக்குத் தள்ளிப் போடமாட்டாள். வேல்ஸ் தேசத்தின் இந்த நிலக்கரிப் பள்ளத்தாக்குக்கு வீட்டுக்காரரோடு வந்த புதிதில் பாஷை பிடிபடவில்லை. கொடிகளைப் பார்த்துத்தான் வீடுகளைப் புரிந்துகொண்டேன். முந்தின நாள் சாப்பல் ஜெபத்துக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டைகள் தெரு நெடுக ஆடும். பக்கத்து வீட்டு எம்ரிஸ் கிழவரின் கொடியில் மட்டும் நீலம் இருக்கும், சாம்பல் இருக்கும், கோடு போட்டது இருக்கும். வெள்ளை ஒன்றுகூட இருக்காது. பாவம், நல்ல சட்டைக்கு வழியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் மனைவி ஆல்வென்தான் எனக்குக் கரி அடுப்புப் பற்றவைக்கச் சொல்லிக்கொடுத்தவள். வார்த்தைக்கு வார்த்தை என்னைக் ‘கரியாட்’ என்பாள். ‘என் கண்ணே’ என்று அர்த்தமாம்.

நான் திருவிடைமருதூருக்குக் கிழக்கே ஒரு பண்ணையாள் வீட்டில் பிறந்தவள். மிராசுதார் வருகிறார் என்றால் அப்பாவின் தோள் துண்டு கக்கத்துக்குப் போய்விடும். சங்கம் வந்து, கொடி ஏறி, கூலி நெல் கூட்டிக் கேட்ட வருஷத்தில்தான் அது தோளிலேயே தங்கியது. ஆட்சியும் மாறியது. மேடைக்கு மேடை துண்டு போர்த்தினார்கள். யாருக்கு மரியாதை செய்ய நினைத்தாலும் தோளில் ஒன்றைப் போர்த்திவிடுவது எங்கள் கைக்கு ஊறிப்போன பழக்கம்.

இந்த வருஷம் ஊர் ஹாலில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்தை நினைத்துக்கொள்கிற கூட்டம். அந்த வருஷம் முதலாளிகள் கூலியைக் குறைத்து, வேலை நேரத்தைக் கூட்டி, ஒப்பாதவனுக்கு வேலையில்லை என்று சுரங்கத்தைச் சாத்திவிட்டார்களாம். ஏழு மாசம். சாப்பல் பின்கட்டில் பொது அடுப்பு மூட்டிக் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். வெறும் வயிற்றுக்காரர்கள் முகத்தில் சாயம் பூசி, விளையாட்டு ஊதல் ஊதி, தெருவுக்குத் தெரு வாத்திய கோஷ்டி கட்டிப் போட்டி வைத்திருக்கிறார்கள். பாடத் தெரிந்தவர்கள் லண்டன் வீதியில் பாடிப் பணம் திரட்டினார்கள். பாட்டுக் கட்டியவனை நாற்காலியில் உட்காரவைத்துக் கொண்டாடும் ஐஸ்டெத்வொட் திருவிழாவைக்கூட அந்த வருஷம் விடவில்லையாம். கேட்கக் கேட்க, அப்பாவின் ஆட்களே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது எனக்கு.

எம்ரிஸ் அந்த ஹால் படி ஏறியதே இல்லை என்பாள் ஆல்வென். “இந்தத் தடவை வரேன்னு சொல்லியிருக்காரு, கரியாட். வந்து உக்காந்தாப் போதும் எனக்கு” என்று சொல்லிக்கொண்டே துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள். வயசு என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய நாளைக்கு அந்த மனிதர் கோடு போட்ட சட்டையில் போவதா? தையல் ஃபாக்டரியில் வேலை பார்க்கிறவள் நான். நல்ல பாப்ளின் வாங்கி, யாருக்கும் சொல்லாமல் வெள்ளைச் சட்டை ஒன்று தைத்தேன்.

பாட்டு முடிந்து டீ கொடுக்கிற நேரம். எம்ரிஸ் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சட்டையை விரித்து, எல்லோரும் பார்க்க, அவர் தோளில் போர்த்திக் கை கூப்பினேன்.

டிரம் வைத்திருந்த கிழவர் டாய் வாயிலிருந்த கேக்கை விழுங்க மறந்தார். எம்ரிஸ் முகத்தில் ரத்தம் இல்லை.

“யாரு உங்கிட்ட இதச் செய்யச் சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க, நானேதான். உங்களுக்குன்னே தச்சது” என்றேன், சிரித்துக்கொண்டு.

அவர் எழுந்தார். சட்டை தரையில் விழுந்தது. அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.

டீ அறையில் ஆல்வென் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்த ஏழு மாசத்தின் கடைசியில் அவர்கள் பெண் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு திணறியிருக்கிறது. மருந்துச் செலவுக்காக எம்ரிஸ் சங்கத்தை மீறி, குறைத்த கூலிக்கு ஒப்புக்கொண்டு சுரங்கத்தில் இறங்கினார். சாயங்காலம் மேலே வந்தபோது ஊரே காத்திருந்தது. கோட்டுக்கு மேல் வெள்ளைச் சட்டையைப் போர்த்தி, முன்னால் சாவு மேளம் அடித்து, வீடு வரை நடத்திக் கூட்டிவந்தார்கள். கருங்காலிக்கு இங்கே அதுதான் தண்டனை.

“டிரம் அடிச்சது யாரு?”

“டாய்தான். எங்க கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன்.”

“குழந்தை?”

“பொழச்சா. பக்கத்து ஊர்லதான் இருக்கா. இந்தத் தெருவுக்குள்ள அவ வரமாட்டா.”

நான் வந்த முதல் வாரம் ரொட்டியும் கரியும் கொண்டுவந்து கொடுத்த ஜனங்கள் இவர்கள். எங்கள் ஊரில், வேலைநிறுத்தத்தை மீறி அறுப்புக்குப் போன மாரிமுத்துவின் வாசல் நினைவுக்கு வந்தது. வெளியூர் ஆட்களோடு அவனும் வயலில் இறங்கினான் என்று, உயிரோடு இருக்கிறவன் வாசலில் நின்று சங்கு ஊதினார்கள். ஊதியவர் என் அப்பா. எங்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கொடுக்கவைத்தவரும் அவர்தான். அந்த வீட்டில் அன்று யாருக்கு என்ன நோவு என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

வாசலுக்கு ஓடினேன். மழை. எம்ரிஸ் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். டாய் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மேல்படியில் நின்றார்.

“நனையிறே. உள்ள வா, எம்ரிஸ்.”

“அதக் கையில வச்சுக்கிட்டா கூப்பிடுறே?”

டாய் தன் கையைக் குனிந்து பார்த்தார். எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அந்த ஈரப்படியிலேயே உட்கார்ந்தார். எம்ரிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.

உள்ளே அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். பட்டினி கிடந்தவர்களின் பாட்டு. எங்கள் அப்பா இருந்திருந்தால், பாஷை தெரியாவிட்டாலும் எழுந்து நின்றிருப்பார்.

“ஏ புள்ள, உள்ள வா. எல்லாரும் பாக்குறாங்க” என்று என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

ஸ்பிரிங் வைத்த கனத்த கதவு அது. விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். அதற்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். ஒரு தோளில் மழை விழுந்தது. மறு தோளில் ஹால் அடுப்பின் சூடு பட்டது. படியில் இருந்த இருவருக்கும் பாட்டுக் கேட்கட்டும் என்று அப்படியே நின்றேன்.