இரண்டு கண்ணாடிக்காரர்

தேனாம்பேட்டையில் இணையதளம் நடத்துகிறவர்களின் மாநாட்டுக்குப் போனேன். நாள் முழுக்கப் பேசினார்கள். என் மண்டையில் நின்றது சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் மட்டும்தான். சட்டைப்பையில் இரண்டு கண்ணாடிகள் வைத்திருந்தார். போட்டாலும் போனை மூக்கில் இடிக்கிற அளவு கொண்டுபோய்த்தான் படித்தார்.

அடையாறில் ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை நான் ஒரு தளத்தில் வைத்திருக்கிறேன். அதில் ஆளைத் தேடித் தருவது ஒரு சின்ன பிளகின், அதாவது தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு துணை நிரல். அதை இலவசமாக எழுதியவர் இவர்தான் என்று பேச்சில் தெரிந்தது. அவ்வப்போது அவர் அதைத் திருத்தாவிட்டால் தேடல் நின்றுவிடும்.

"கண்ணு போய்க்கினே கீது சார். இன்னும் ஒரு வருசம் பாப்பேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுகிறவனுக்கு நான் என்ன பதில் சொல்வது? கோபம் வந்தது.

"வேற யார்கிட்டயாவது குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே?"

"யாருன்னா கேட்டாதானே சார்? அல்லாரும் திட்டத்தான் வராங்க. போன மாசம் ஒருத்தர் ஒரே ஒரு ஸ்டார் போட்டு, 'இவ்ளோ பெரிய தப்பு கண்ணுக்குத் தெரியலையா'ன்னு எழுதிகிறாரு. கரெக்டாத்தான் கேட்டுகிறாரு."

சிரித்தார்.

அதை என் சொந்தப் பெயரில் எழுதியவன் நான். கழுத்தில் தொங்கிய பெயர் அட்டையைச் சட்டென்று கையால் மூடிக்கொண்டேன்.

மூடியிருக்கவே வேண்டாம், அவ்வளவு கிட்டே நின்றும் அவரால் அதைப் படித்திருக்க முடியாது என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.