முதல் பத்திரிகை போகும் இடம்

தை மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக எப்போதும்வென்றானுக்குப் பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் முப்பது ரூபாய். வழியெல்லாம் உளுந்து பிடுங்கிய கரிசல் காடு. மில்லில் என்னோடு வேலை பார்த்த சுடலைமுத்து, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கத் துணைக்குக் கூப்பிட்டிருந்தார். இறங்கி ஷேர் ஆட்டோவில் அவர் ஊருக்குப் போனேன்.

ஒன்பது மணி. அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் பக்கம் முதல் பத்திரிகை குலசாமிக்கு. இவர்கள் பக்கம் போலீஸ் ஸ்டேஷனுக்கு. வெள்ளைக்காரன் கைரேகை வாங்கும் ரேகைச் சட்டம் போட்டு இந்த ஊரையே பிறவித் திருடர்கள் என்று எழுதிவைத்தான். அப்போது ஆண்கள் ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். அடுத்த ஊர்க் கல்யாணத்துக்குக்கூட அங்கே சீட்டு வாங்க வேண்டும். சட்டம் எப்போதோ ஒழிந்தது, பத்திரிகை மட்டும் இன்னும் போகிறது.

“அங்கன பத்திரிகை போச்சுன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன் மாமா” என்றாள் கனகா. தூத்துக்குடியில் நர்ஸ், சொன்னால் செய்கிற பெண்.

“நூறு பேர் கூடுத எடம். சொல்லாமச் செஞ்சா ஸ்டேஷன்ல என்ன நெனப்பாவ?” என்றார் அவர்.

“ஒண்ணும் நெனைக்க மாட்டாவ எப்பா.”

“அறிவுக்குத் தெரியுது தாயி. நெஞ்சு கேக்க மாட்டேங்கு. அங்கன வைக்காம எனக்கு ஒறக்கம் வராது.”

அதைக் கேட்டுத்தான் அவள் இறங்கி வந்தாள். “சரி, நானும் வாரேன்.” எனக்குக் கோபமான கோபம். யார்மேல் காட்டுவது? செய்தவன் கப்பலேறிப் போயாச்சு.

பதினொரு மணி, ஸ்டேஷன். பெண் எஸ்.ஐ.க்குக் கனகாவின் வயதுதான் இருக்கும். எழுந்து பத்திரிகையை வாங்கி, நாற்காலிகளைக் காட்டினார். நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். சுடலைமுத்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். எதற்கு இங்கே முதலில் என்று எஸ்.ஐ. கேட்டதும் தாத்தா காலத்துக் கதையைச் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

“இனி இங்கன வந்து சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. கேக்க யாருக்கும் உரிமையில்ல.”

அவர் கும்பிட்டார். கொஞ்சம் தயங்கி, “அப்ப இத எழுத்துல குடுத்திருங்கம்மா. நாளைக்கு வேற ஆள் வந்து கேட்டா காட்டணும்லா” என்றார்.

எஸ்.ஐ. பேனாவை எடுத்து, என்ன எழுதுவதென்று தெரியாமல் வைத்திருந்தார். கனகா எழுந்துபோய் அப்பா கையைப் பிடித்தாள். “எழுத்து வேண்டாம் எப்பா. ஒரு நிமிஷம் உக்காருங்க, போதும்.”

அவர் உட்காரவில்லை.

மதியம் ஒரு மணி. பஸ் ஏற்றிவிட வந்த கனகா, “கல்யாணத்துக்கு வந்திருங்க மாமா” என்றாள். எங்கள் ஊரில் வெளியூர் கிளம்ப யாரிடமும் சீட்டு கேட்டதில்லை. அது பெரிய விஷயம் என்று இன்றுவரை தோன்றியதுமில்லை. சுடலைமுத்து கேட்ட எழுத்தை யார் எழுதிக் கொடுத்தாலும் அவரால் நம்ப முடியாது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.