யாராவது தூங்குகிற வீடு

எங்கள் வீட்டுக்கு எந்த நேரத்தில் வந்து பார்த்தாலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அப்பா மைக்கேல்ராஜுக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனி, வாரா வாரம் ஷிப்ட் மாறும். தம்பி ரோஹன் ஐடிஐ முடித்துவிட்டு வேறொரு கம்பெனி, வேறொரு ஷிப்ட். எனக்கு ராத்திரி வேலை கிடையாது. ஆனால் விடிகாலையில் எழுந்து கம்பெனி பஸ் பிடிக்க ஓட வேண்டும், அதனால் சாயங்காலம் நான் படுத்துவிடுவேன். இருப்பதோ இரண்டே ரூம். கையிலிருந்து கரண்டி விழுந்தால் அம்மா ஆரோக்கியசெல்வி கரண்டியை எடுக்க மாட்டாள், முதலில் தன் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அந்த வீட்டில்தான் எங்கள் தாத்தா மாசிலாமணி இருந்தார், அப்பாவின் அப்பா. பேச ஆசைப்பட்ட மனுஷன். “சிலோன்ல நாங்க இருந்த தோட்டத்துல...” என்று ஆரம்பித்தால் போதும், எல்லாப் பக்கமிருந்தும் ‘உஷ்’ என்று வரும். “தாத்தா, அப்பா தூங்குது.” “தாத்தா, தம்பி இப்பத்தான் படுத்தான்.” அவர் உடனே தலையை ஆட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போவார். சத்தம் வரக் கூடாதென்று தெருவுக்குப் போய்த்தான் காலில் மாட்டுவார். நல்ல மனுஷன், தொந்தரவே கிடையாது என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டோம். எங்கே போகிறார், யாரோடு பேசுகிறார் என்று ஒரு ஜென்மமும் கேட்கவில்லை. ஜென்மம் என்று சொல்வது எங்களைத்தான்.

இரண்டாயிரத்து எட்டு ஜூலையில் ஒரு நாள் தாத்தா எழுந்திருக்கவில்லை. “அட, இன்னிக்கி தாத்தாவும் நல்லா தூங்குது பாரேன்” என்று அம்மா சிரித்துவிட்டு அவருடைய காபியை மூடி வைத்தாள். காபி ஆறின பிறகுதான் தெரிந்தது.

போதகர் வந்து ஜெபம் செய்தார். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அடக்க ஆராதனையில், பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இறந்தவரின் ஜீவிய சரித்திரத்தை வீட்டார் ஒருவர் எழுந்து வாசிக்க வேண்டும். பிறந்த ஊர், தாய் தகப்பன், செய்த வேலை, கல்யாணம், பெற்ற பிள்ளைகள் என்று ஒன்று விடாமல். சபையே உட்கார்ந்து கேட்கும். “நாலு மணிக்கு ஆராதனை. வின்சி வாசிக்கட்டும், அதுக்குத்தான் கணீர்னு குரல்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

குரல் இருந்தது, சரி. சொல்ல என்ன இருந்தது? பேப்பரை வைத்துக்கொண்டு அப்பாவிடம் உட்கார்ந்தேன்.

“தாத்தா எங்கப்பா பொறந்தாரு?”

“சிலோன்ல.”

“சிலோன்ல எங்க?”

“மலையில... டீத் தோட்டம்.”

“தோட்டத்துக்குப் பேரு? ஆயா பேரு?”

அப்பா ரோஹனைப் பார்த்தார். ரோஹன் மின்விசிறியைப் பார்த்தான்.

“நான் அப்போ கைக்கொழந்த, வின்சி. கப்பல்ல வந்தவங்கள தங்க வெச்ச மண்டபம் கேம்ப்லயே எங்கம்மா போய்ச் சேந்துட்டாங்க. எனக்கு என்னா தெரியும்?”

“கேட்டிருக்கலாம் இல்ல?”

“நீ கேட்டியா?”

பேப்பரில் ‘சிலோன்’ என்று மட்டும் எழுதினேன். தாயில்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த மனுஷன் ஊர் ஊராக அலைந்தார், ஓசூரில் சிப்காட் வந்தபோது கம்பெனிகளுக்குக் காவல் வேலைக்கு வந்தார், தன் கையால் பொங்கிப் போட்டு அப்பாவை ஆளாக்கினார். அப்பாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“பக்தியுள்ளவர், நல்லவர்னு எழுதிடுடி. யாரு வந்து வெசாரிக்கப் போறாங்க?” என்றாள் அம்மா. அப்படியே எழுதினேன். சிலோனில் பிறந்தார், ஓசூரில் இறந்தார். நடுவில் எண்பத்துச் சொச்சம் வருஷத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ‘பக்தியுள்ளவர்’. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதையும் மடித்துப் பைக்குள் வைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் நாகம்மாக்கா வந்தார். கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் இட்லி விற்கிறவர். நாங்கள் மூன்று பேருமே அவரிடம் வாங்கித் தின்றிருக்கிறோம், ‘ரெண்டு இட்லி, சட்னி தனியா’ என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. கையில் கனகாம்பர மாலையோடு வந்து தாத்தாவின் காலடியில் உட்கார்ந்து, “அய்யோ அண்ணா, போயிட்டியா அண்ணா” என்று தெலுங்கும் தமிழுமாக வாய்விட்டு அழுதார். வீட்டில் முதல் அழுகைச் சத்தம் அதுதான். எங்களுக்கு அதுகூடப் பழக்கமில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டார்: “பொண்ணுக்குச் சொல்லியாச்சா?”

“எந்தப் பொண்ணு?”

“அக்கட சிலோன்ல உண்டே, பெரிய பொண்ணு. வின்சி.”

“நான்தாங்க்கா வின்சி” என்றேன்.

“நீ இல்லம்மா. நீ சின்ன வின்சி. நான் சொல்றது பெரிய வின்சிய. தெனம் அதப் பத்தியேதான பேசிகினு இருப்பாரு, உங்களுக்குத் தெரியாதா?”

எங்களுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாப்புக்குத் தெரிந்திருந்தது.

நாகம்மாக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிறந்தது சிலோனே இல்லை, முசிறிப் பக்கம் ஒரு கிராமம். பஞ்சத்தில் தகப்பன் தோளில் உட்கார்ந்து கடல் தாண்டிப் போன பிள்ளை. தாய் பெயர் பொன்னாயி, மனைவி பெயர் சூசையம்மாள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்டுத்தான் இடது கை விரல் மடங்காமல் போனது. (பிறவியிலேயே அப்படி என்று நான் நினைத்திருந்தேன்.) மகள் பிறந்தபோது பிரசவம் பார்த்த தோட்டத்து நர்ஸின் பெயரையே அவளுக்கு வைத்தார். பிறகு இந்தியா, சிலோன் இரண்டு அரசாங்கமும் பேசி, தோட்டத்து ஆட்களில் யார் எந்த நாடு என்று பிரித்தபோது, தாத்தா குடும்பத்துக்கு இந்தியா என்று வந்தது. கல்யாணமாகிப் போயிருந்த மகளுக்குப் புருஷன் வீட்டோடு அங்கேயே என்று வந்தது.

“கெளம்புற அன்னிக்கி அந்தப் பொண்ணுக்கு லீவு குடுக்கலியாம். லாரியில வரும்போது மலையில பாத்தாராம். எல்லாப் பொம்பளைங்களும் தலைக்கித் துணி போட்டுகினு, முதுகுல கூடை மாட்டிகினு ஒரே மாதிரி நிக்கிறாங்களாம். எது தன் பொண்ணுன்னு தெரியல. எல்லாருக்கும் சேத்து கைய ஆட்டிட்டு வந்தேன் நாகம்மான்னு சொல்லிட்டு சிரிப்பாரு. எனக்குத்தான் அழுகை வரும். அங்க கலவரம் ஆச்சே, அதுக்கப்புறம் அதுகிட்டருந்து ஒரு சேதியும் இல்ல.”

அப்பா சுவரில் சாய்ந்துவிட்டார். “உனக்கொரு அக்கா உண்டுடான்னு ஒரு தடவ ஆரம்பிச்சாரு. நான் நைட் ஷிப்ட் முடிச்சி வந்திருந்தேன். அப்புறம் கேக்குறேன்ப்பா, தூக்கம் வருதுன்னு சொல்லிட்டேன். நீ பொறந்தப்ப, இந்தப் பேருதான் வெக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. சரி, கெழவன் ஆசைன்னு வெச்சேன். ஏன்னு கேக்கலியே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். பெற்ற அப்பா, என்னால் அவரை ஒன்றும் திட்ட முடியவில்லை. திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

சாயங்காலம் நான் படுத்திருக்கும்போது தாத்தா கட்டிலில் இருந்து மெதுவாகக் கூப்பிடுவார்: “வின்சி... வின்சி...” நான் எரிந்து விழுவேன். “என்ன தாத்தா, செத்த தூங்க விடேன்!” என்று கத்துவேன். “ஒண்ணுமில்ல ஆயி, நீ தூங்கு” என்பார். ஒன்றும் வேண்டாமென்றால் எதற்குக் கூப்பிடுகிறது கிழம் என்று முனகிக்கொண்டே திரும்பிப் படுப்பேன். அவர் கூப்பிட்டது என்னைத்தானா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

நாலு மணிக்கு ஆலயம் நிறைந்திருந்தது. நாகம்மாக்கா உள்ளே வரக் கூச்சப்பட்டு, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். பைக்குள் இருந்த பழைய பேப்பரைக் கசக்கிவிட்டு, புதியதை வாசிக்க ஆரம்பித்தேன். முசிறி, பொன்னாயி, சூசையம்மாள், கவ்வாத்துக் கத்தி. “இவர்களுக்கு மகள் ஒருவர், வின்சி” என்று வாசித்தபோது முன்வரிசையில் இருந்த சபை மூப்பர் தாழ்ந்த குரலில், “பேத்தின்னு சொல்லும்மா” என்று திருத்தினார்.

“இல்லீங்க. மகள்” என்றேன். “எங்களுக்கும் இன்னிக்கித்தான் தெரியும். அதோ நிக்கிறாங்களே நாகம்மாக்கா, அவங்க சொல்லித்தான் தெரியும்.”

சபை முழுக்கத் திரும்பி வாசலைப் பார்த்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ராத்திரி வேலை முடிந்து வந்து கண் மூடாத ரோஹன், பெஞ்சில் உட்கார்ந்தபடியே அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான். நான் குரலை உயர்த்தியதும், பழக்க தோஷம், அம்மாவின் விரல் உதட்டுக்குப் போனது. போன விரல் அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

நான் நிறுத்தவில்லை. கணீர் என்றுதான் வாசித்தேன், கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்டதாம். நன்றாக வாசித்தாய் என்று எல்லோரும் கையைப் பிடித்துச் சொன்னார்கள். பெட்டிக்குள் இருந்தவர் அந்தக் குரலைக் கேட்டதெல்லாம், தூங்க விடு தாத்தா என்று நான் கத்தியபோதுதான்.