நாலாவது விதியால் நான் சாமியான கதை

இன்று மகன் ஒரு கேம் காட்டினான்.

ஆளுக்கொரு சாமியாம். யாருக்குக் கும்பிடுகிறவர்கள் அதிகம் சேர்கிறார்களோ அவர் ஜெயித்தாராம். ரூல்புக் மட்டும் அறுபது பக்கம்!

அடப் போங்கடா. இதே கேமை நான் எண்பதுகளில் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியவன். மொத்தம் நாலே விதி. (நாலாவதுதான் என் தலையில் விழுந்தது.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ. போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. பச்சைக் காயை உள்ளே பரப்பி, அடுப்புச் சூட்டை ஒரே சீராக வைத்திருக்க வேண்டும். சூடு ஏறினால் காய் வெடிக்கும். குறைந்தால் நிறம் போய்விடும்.

அடுப்பைப் பார்க்க இரண்டே ஆள். நானும் மொக்கைச்சாமி அண்ணனும்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது சூப்பர்வைசர் வந்து நின்றார்.

“காய் எடுப்பு உச்சத்துல இருக்கு. ஒருத்தன்தான் ஊருக்குப் போகலாம். யாருன்னு நீங்களே பேசிக்கங்க.”

எனக்கோ போடியில் தங்கச்சிக்குத் தலை தீபாவளி! புது மாப்பிள்ளையை வரவேற்க அண்ணன்காரன் நிற்க வேண்டாமா?

மொக்கை அண்ணனோ மகளுக்கு எடுத்த பாவாடைத் துணியை நாளுக்கு மூன்று தரம் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காசைச் சுண்டுவோமா மாப்ளே?”

“உங்க காசா? வேணாம்ணே.” (அவர் சுண்டினால் எப்போதும் தலைதான் விழும்.)

அப்போதுதான் இந்த விளையாட்டை எழுதினேன். காசு விழுவது அதிர்ஷ்டம், இது திறமை; ஜெயித்தவன் ஊருக்குப் போகலாம். எழுதியவனே தோற்பானா என்ற நம்பிக்கை வேறு!

முதல் விதி: நிஜச் சாமியை இழுக்கக் கூடாது, புதுச் சாமிதான். நான் டைனமோ சாமி. அண்ணன் புகையாத்தா. (சேலை கட்டாத குறைதான், குரலெல்லாம் மாறிவிட்டது.)

இரண்டாவது: கஷ்டங்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்போம். எது வருகிறதோ, அதற்கு என்ன செய்வோம் என்று சாமி தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

மூன்றாவது: இருபது ஏலக்காய், இருபது பேர். ஆரம்பத்தில் ஆளுக்குப் பத்து. எந்தச் சாமி பிடிக்கிறதோ அந்தக் கிண்ணத்துக்குக் காய் மாறும்.

நாலாவது: கும்பிடுகிறவர்களை விட்டு எல்லை தாண்டும் சாமி அப்போதே தோற்றது. (அண்ணன் பாதியில் பீடிக்கு எழுந்து போவார். அதற்காக எழுதினேன்.)

தீர்ப்பு சொல்ல, காய் எடுக்கும் பெண்களுக்குத் தலைவியான பேச்சியக்கா. சாயங்காலம் மூட்டையை இறக்கிவிட்டு எல்லோரும் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள்.

முதல் சீட்டு: அட்டைக்கடி.

“என் மக்கா! பொகையப் போட்டு மலையில ஒரு அட்டை இல்லாம ஓட்டிப்புடுறேன்!” என்றார் புகையாத்தா.

“சோப்பைத் தடவினா அட்டை ஏறாது” என்றேன் நான்.

“சோப்பு எங்ககிட்டயே இருக்கே தம்பி. அதுக்கு எதுக்குச் சாமி?” என்று பேச்சியக்கா புகையாத்தா கிண்ணத்தில் இரண்டு காய் போட்டார்.

போட்டது என் கிண்ணத்திலிருந்து எடுத்தல்ல, மூட்டையிலிருந்து!

“அக்கா, என் கிண்ணத்துல இருந்துதான் எடுக்கணும். ஒரு ஆளுக்கு ஒரு சாமி!”

“அதெப்படி? ஆத்தாளைக் கும்பிட்டா உன்னையக் கும்பிடக் கூடாதா? போற வழியில நாலு சாமி இருந்தா நாலுக்கும்தான கையெடுப்போம்?”

“மொத்தம் இருபதுதான்க்கா! கணக்கு இடிக்கும்!”

“நீ கணக்கைப் பாரு. நாங்க கும்பிடுறோம்.”

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் மூன்றாவது விதி அங்கேயே காலி!

அடுத்த சீட்டு: மழையில் பாதை சரிந்தது.

“மழையவே நிப்பாட்டுறேன்!” என்றார் புகையாத்தா.

“மழைய நிப்பாட்டுனா ஏலம் என்னாகும்? போதும் ஆத்தா, போதும்!” என்றார் பேச்சியக்கா.

“சரிஞ்ச இடத்துல கல் அடுக்கிப் பாதை போடுவேன்” என்றேன். எனக்கு மூன்று காய். கடைசிச் சீட்டு: மேட்டிலிருந்து மூட்டை சுமந்து இடுப்பு ஒடிகிறது.

இது என் பாடம்! எழுந்தே நின்றுவிட்டேன்.

“மேட்டுல இருந்து ஸ்டோருக்குக் கம்பி இழுப்பேன். கப்பி போட்டு மூட்டையை மாட்டிவிட்டா தானா இறங்கும். நீங்க கைவீசி நடந்து வரலாம்!”

பெண்கள் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என் கிண்ணத்தில் காய் விழுந்துகொண்டே இருந்தது.

எனக்குப் பதினெட்டு. புகையாத்தாவுக்குப் பன்னிரண்டு.

“ஜெயிச்சாச்சு! நான் போடிக்குப் போறேன்!”

பேச்சியக்கா மெதுவாகக் கேட்டார். “தம்பி, நாலாவதா என்னமோ எழுதியிருந்தியே?”

படித்தேன்.

“அப்ப போடி எந்த எல்லையில இருக்கு? நாங்க பதினெட்டுப் பேரு இங்க லயத்து வீட்டுல கெடக்கோம், நீ பாட்டுக்கு மலையிறங்குனா?”

“அப்ப அண்ணனும்தான் இறங்கக் கூடாது! அவருக்கும் பன்னிரண்டு பேர் இருக்காங்கள்ல?”

மொக்கை அண்ணன் நொடியில் தன் கிண்ணத்தை என் கிண்ணத்தில் கவிழ்த்தார்.

“இந்தா மாப்ளே, எல்லாரையும் நீயே வச்சுக்க. நான் வெறும் மனுசன். ஜீப்பு எத்தனை மணிக்கு?”

என் விதி, என் கையெழுத்து. அண்ணனை ஜீப் ஏற்றிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினேன்.

தீபாவளியன்று விடிந்ததும் லயத்திலிருந்து வீட்டுக்கொரு தட்டு வந்தது. பணியாரம், முறுக்கு, கறிக்குழம்பு.

“சாமிக்குப் படையல். ஆமா, கம்பி எப்ப?” என்றார் பேச்சியக்கா.

கிடந்த பழைய கம்பியையும் ஒரு கப்பியையும் வைத்து, அடுப்பைப் பார்த்த நேரம் போக இரண்டு நாளும் அதே வேலை. சொன்ன வாய் என்னுடையதாயிற்றே!

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. மொக்கை அண்ணன் இறங்கினார். பின்னாலேயே தங்கச்சியும் மாப்பிள்ளையும்!

“தலை தீபாவளிக்குக்கூட வராம இங்க அப்படி என்ன சோலிண்ணே உனக்கு?” தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் வாயைத் திறக்கும் முன்பே, மேட்டிலிருந்து முதல் மூட்டை கம்பியில் சர்ரென்று இறங்கி ஸ்டோர் வாசலில் வந்து நின்றது.

அதன் பின்னால் பேச்சியக்கா கைவீசி நடந்து வந்தார்.

“கோவிச்சுக்காதத்தா. திருவிழா அன்னைக்குச் சாமி எங்கிட்டு எந்திரிச்சு வரும்? கும்பிடுறவுகதான வந்து பாக்கணும்!”

மகனின் அறுபது பக்கத்தையும் புரட்டிவிட்டேன். ஜெயித்த சாமிக்கு லீவு உண்டா என்று அதில் எங்குமே இல்லை.

நீங்களே சொல்லுங்கள், உண்டா?