கரைக்கு வராத சுறா

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு சுறாவின் மேல் பொறாமைப்பட்டேன். சரியாகச் சொன்னால், அந்தச் சுறாவைக் கொண்டுவந்தவள் மேல்.

அவள் என் மாமா மகள், என் வயதுதான். மாமா நீர்கொழும்பில் ஆழ்கடலுக்குப் போகும் படகொன்றில் வேலை செய்தார். போனால் வர ஒரு மாதமாகும். பள்ளி விடுமுறைக்குப் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசைவீட்டு லயத்துக்கு வந்தவள், கூடவே ஒரு பழைய போனையும் கொண்டுவந்தாள். அதில் மாமா எடுத்த ஒரு படம். படகை ஒட்டி ஒரு பெரிய சுறா. படத்தின் மூலையில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு கால். அதை என் அப்பாவிடம் நீட்டினாள்.

"செட்டையப் பாருங்க மாமா. அகலமா, நுனி வட்டமா, சுண்ணாம்புல தொட்டெடுத்த மாதிரி வெள்ளையா இருக்குல்ல? அத வச்சுத்தான் இது இன்ன சுறான்னு சொல்லுவாங்க."

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த அப்பா கைகூடக் கழுவாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். என் ரிப்போர்ட்டை நின்றபடியே பார்த்துவிட்டுப் போகிற மனுஷன். எனக்கு வயிறு எரிந்தது.

நான் அறிந்த சுறா, கடைவீதியில் நானா கடையில் கிடக்கும் கருவாடு மட்டுமே. அதற்காக விட்டுக்கொடுப்பேனா?

"இதுதான் நானா கடையில கெடக்கே!"

"அது வேற. இது கரைப்பக்கமே வராது. மூணு நாள் போட்டுல போனாத்தான் பாக்கலாம்."

"பொய்யி! மூணு நாள் போனா அந்தக் கரை வந்துறாதா? காசல்ரீய அரை மணியில கடந்துறலாம்."

நான் கண்ட பெரிய தண்ணீர் அந்த நீர்த்தேக்கம்தான். லயமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் பொறுக்கவில்லை.

மறுநாள் அவள் மலைநீர் கொட்டும் பீலியில் குளிக்கப் போன நேரம் பார்த்து அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

வந்து தேடியவள் தேம்பித் தேம்பி அழுதாள். "சுறா போனா போகட்டும்டி. அதுல எங்கப்பா காலு இருந்துச்சு."

ஒரு காலுக்காக யாராவது அழுவார்களா? நீலிக் கண்ணீர் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் அப்பா வழக்கம்போல வேலை முடிந்து வந்து, சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றி வாசலில் போட்டார். தினமும் நான் தடுக்கி விழுந்து திட்டுகிற பூட்ஸ். அவள் அதை எடுத்து ஜோடியாக வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது.