கடைசி பெஞ்ச் கேட்கவில்லை

பெர்னதெத்துக்குக் காது மந்தமாகி இரண்டு வருஷம் இருக்கும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அல்சூர்ப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், ஃபேன் இரைகிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். டாக்டரிடம் போகலாம் என்று கணவர் டொமினிக் ஆரம்பித்தாலே, "நாளெல்லாம் நின்னு ஓஞ்சு போய் வரேன், இப்ப ஆஸ்பத்திரி வேறயா?" என்று வெட்டிவிடுவார். களைப்பென்னவோ நிஜம்தான். உதடுகளைப் பார்த்தே வார்த்தைகளை ஊகித்து ஊகித்து, வீடு திரும்பும்போது தலை கல்லாய்க் கனக்கும்.

ஜூலையில் ஒரு மழைநாள். போர்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தபோது, கடைசி பெஞ்சில் நிருபமா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்கு சும்மா நிக்கற? உக்காரு."

குழந்தை உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அது மட்டும் பெர்னதெத்துக்கு நன்றாகவே கேட்டது. நிருபமாவின் பாவாடையிலிருந்து தரையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. டாய்லெட் போகணும் என்று அவள் இரண்டு முறை கேட்டாளாம்.

ஆயா வந்து குழந்தையை அழைத்துப் போனாள். தலைமை ஆசிரியை ஜூடித் தணிந்த குரலில் சொன்னார்: "குழந்தை பயந்துபோய் கேக்கவே இல்லன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லிடறேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

பெர்னதெத் தலையசைத்தார். ஆனால் ஸ்டாஃப் ரூமில் டீயைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. அப்படிச் சொன்னால் பொய்க்காரி ஆகப்போவது எட்டு வயசுக் குழந்தை.

பள்ளி விட்டதும் நிருபமாவின் அம்மா ரமா வந்தாள். ஜூடித் வாயெடுப்பதற்குள் பெர்னதெத் முந்திக்கொண்டார்.

"உங்க பொண்ணு கேட்டாம்மா. எனக்குத்தான் காது கேக்கல. ரொம்ப நாளாவே சரியா கேக்கறதில்ல. யார்கிட்டயும் சொல்லாம மறைச்சிட்டேன்."

ரமாவின் கோபம் தணியவில்லை. "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன மிஸ்? ஸ்கூலுக்கே வரமாட்டேன்னு அழறா."

"தப்புதாம்மா."



மறுநாள் நிருபமா வரவில்லை. பெர்னதெத் வகுப்பின் முன்னால் நின்று சொன்னார்: "மிஸ்ஸுக்குக் காது சரியா கேக்காது. நேத்து நடந்தது என் தப்பு. அவ வந்தா யாரும் சிரிக்கக் கூடாது. டாய்லெட் போகணும்னா என்னைக் கேக்க வேணாம், எழுந்து போங்க." ஒரு பையன், "மிஸ், இப்ப கேக்குதா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

அந்த வாரமே டொமினிக்குடன் போய்க் காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டார். நிருபமா திரும்பி வந்தாள். வேறு செக்‌ஷனில் உட்கார்ந்தாள். அடுத்த வருஷம் உங்களுக்கு வகுப்பு வேண்டாம், லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் ஜூடித். வருத்தமாக இருந்தாலும் மறுக்கத் தோன்றவில்லை. அன்றைக்கு ஆட்டோவில் ஏறியதும் ஹாரன் சத்தம் மண்டைக்குள் இறங்கியது. மெஷினைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிவைத்துக்கொண்டு, சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.