தானாக முளைத்த செடி

புஷ்பவள்ளிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஜெராம் ஊர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆயுளில் அவள் சொன்னது ஒரே ஒரு பொய். அதைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் எஃகுத் தகட்டில் மூன்று மொழிகளில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

எண்ணெய்க்காக வளர்க்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் களைக்கொல்லி மருந்து அடித்தவள் அவள். தோட்டம் அவளுக்குக் கொடுத்தது சொத்தை விழுந்த நகமும் எப்போதும் எரியும் கண்ணும்தான். புருஷன் முருகையா குலை வெட்டப் போன இடத்தில், தான் வெட்டிய செம்பனைக் குலையே கழுத்தில் விழுந்து செத்தார். அதற்கெல்லாம் முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. இருபத்து மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு போய்விட்டது.

பெயர் வைப்பதற்கு முன் போகிற பிள்ளைக்கு எங்கள் தோட்டத்தில் கல் கிடையாது, கருமாதி கிடையாது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாகப் புதைத்து, மேலே ஒரு குரோட்டன் செடியை நட்டுவிட்டு வருவோம். அதன்பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அடுத்த வயிற்றுக்கு ஆகாதாம். அப்படிப் பதினொரு செடிகள் அங்கே நின்றன. புஷ்பாவின் பிள்ளைக்கு நானும் முருகையாவும்தான் குழி தோண்டினோம். அன்று சரியான மழை.

அடுத்த வயிறு வரவேயில்லை. ஆனால் வாயை மூடியவள் மூடியவள்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் அந்தச் செடிக்கு ஊற்றுவாள். முப்பத்தொரு வருஷம். மற்ற பத்தும் இடுப்பளவு நிற்க, அவளுடையது மட்டும் ஆள் உயரத்தைத் தாண்டிச் செக்கச்செவேலென்று நின்றது.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள், வீடமைப்பு வரப்போகிறது என்று சொன்ன வருஷம்தான் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். பல்கலைக்கழகத்தில் லேண்ட்ஸ்கேப் துறையாம். மண்ணையும் மரத்தையும் அளந்து பூங்கா வரைகிற படிப்பு. அழியப்போகிற தோட்டத்தின் செடி கொடிகளைப் பதிவு செய்ய வந்திருந்தார்கள். நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். பஸ் நிறுத்தத்திலிருந்து அவர்களை ஏற்றி இறக்கியது நான்தான். அவர்களில் தமிழ் பேசுகிறவள் தனேஸ்வரி என்ற பெண். கிள்ளானில் வளர்ந்தவள், தோட்டத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

புஷ்பாதான் அவர்களுக்கு எல்லாச் செடியும் காட்டினாள். வாய்க்கால் ஓரம் வந்ததும் தனேஸ்வரி வாயைப் பிளந்தாள்.

"வாவ், ஆண்ட்டி! இவ்ளோ பெரிய குரோட்டன் நான் பார்த்ததே இல்ல லா. யாரு நட்டது?"

புஷ்பா என்னைப் பார்த்தாள். நான் வேன் சாவியைப் பார்த்தேன்.

"யாரும் நடலம்மா. தானா முளைச்சது."

"எல்லாமேவா? பதினொண்ணும்?"

"எல்லாந்தான்."

தனேஸ்வரி அதை எழுதிக்கொண்டாள். பெற்றவளே சொல்லாததை நான் எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

லயத்தைக் காலி செய்து கோலசிலாங்கூரில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். நான்காவது மாடி. முழங்கால் வலியோடு புஷ்பா இறங்கி ஏறி, வெள்ளிக்கிழமைகளில் பஸ் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்துகொண்டுதான் இருந்தாள். பிறகு காய்ச்சலில் ஒரு மாதம் படுத்துவிட்டாள். அந்த மாதத்தில் தனேஸ்வரி என் கைப்பேசிக்குத் துறையின் செய்திப் பக்கத்தை அனுப்பினாள். 'தோட்ட நினைவுப் பூங்கா திறப்பு விழா. சிறப்பு விருந்தினர்: திருமதி புஷ்பவள்ளி.' காட்டியபோது கிழவி பத்து வயது குறைந்தவள் போலச் சிரித்தாள். தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

பல்கலைக்கழக வளாகத்தில் விழா நன்றாகவே நடந்தது. நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், மாலை, ரிப்பன். ரிப்பனை அவள்தான் வெட்டினாள். வெட்டிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பதினொரு குரோட்டனும் அங்கே நின்றன, பத்து வட்டமாக. நடுவில் அவளுடையது. புல்டோசர் வருமுன் வேரோடு தோண்டிக் காப்பாற்றிக் கொண்டுவந்தோம் என்று துறைத் தலைவர் ஒலிபெருக்கியில் பெருமையாகச் சொன்னார். செடிக்குக் கீழே பளபளவென்று தகடு. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள், அதனால் தமிழ் வரியை அவளே எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'குரோட்டன். தானாக முளைத்தது. தகவல்: புஷ்பவள்ளி.'

யாரைத் திட்டுவது? அந்தப் பிள்ளைகள் கேட்காமல் எடுக்கவில்லை. கேட்டார்கள், இவள் சொன்னாள், நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு என் மேல்தான் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள்.

"வெள்ளிக்கிழமை மறக்காம தண்ணி ஊத்துங்க" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். தனேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்தாள். நினைவுப் பரிசாகச் சின்ன கறுப்புப் பையில் ஒரு நாற்று கொடுத்தார்கள். அந்தச் செடியிலிருந்தே வெட்டிய குச்சியாம்.

திரும்பும்போது ஜெராம் தாண்டியதும் சொன்னாள்.

"செல்வாண்ணே, தோட்டத்துக்கு விடுங்க."

லயம் இல்லை. செம்பனை ஒன்றுகூட இல்லை. வாய்க்காலையும் தூர்த்திருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் செம்மண் சமமாகக் கிடந்தது. நல்ல பிள்ளைகள், தோண்டிய குழிகளை மூடிவிட்டுத்தான் போயிருந்தார்கள். மிச்சத்தை மண்வாரி இயந்திரம் பார்த்துக்கொண்டது.

புடவை சேற்றில் இழுபட அங்கும் இங்கும் நடந்தாள். பிறகு பையை நெஞ்சோடு பிடித்தபடி என்னிடம் வந்தாள்.

"எனக்குத் தெரியலண்ணே. நீங்கதான குழி தோண்டுனீங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச தூரம் நடந்துபோய், அடையாளம் பார்ப்பவன் போல அப்படியும் இப்படியும் பார்த்து, ஓர் இடத்தில் காலை ஊன்றினேன்.

"இங்கதான் புஷ்பா."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

அவள் உட்கார்ந்து கையாலேயே மண்ணைக் கிளறி அந்தக் குச்சியை நட்டாள். இனி எந்த வயிற்றுக்கும் பயமில்லை என்று தோன்றியதோ என்னவோ, முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து "தம்பி" என்று கூப்பிட்டாள். நான் காட்டிய இடத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.